கிளாஸ் குரூப்பில் ஒரு பையனைக் கேலி செய்கிறார்கள். என் மகள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். ஏன்?

மாடிப்படி எழுதியது:

என் மகளுக்கு 14 வயது. அவள் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஆசிரியர்கள் யாரும் அதில் கிடையாது. வீட்டுப்பாடம் கேட்டுக்கொள்வதற்காக ஆரம்பித்தார்கள், இப்போது எல்லாக் கூத்தும் அதில்தான் நடக்கிறது.

அந்த வகுப்பில் ஒரு பையனுக்குப் பேசும்போது திக்கும். புராஜெக்ட் விஷயமாக அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை யாரோ எடுத்து, திக்கிய இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி இசையோடு சேர்த்து வீடியோ ஆக்கிவிட்டார்கள். அப்புறம் அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கர். இப்போது யார் பதில் சொல்லத் தாமதித்தாலும் அந்த ஸ்டிக்கர்தான் வந்து விழுகிறது. போடுகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். சிரிப்பு எமோஜி வைக்கிறவர்கள் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பையனும் குரூப்பில்தான் இருக்கிறான். முதல் தடவை அந்த வீடியோவுக்குக் கீழே அவனே ஒரு சிரிப்பு எமோஜி வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது.

இதை எனக்குக் காட்டியதே மகள்தான். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. தம்பி விழுந்து அடிபட்டால் அவனுக்கு முன்னால் இவள் அழுதுவிடுவாள். நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். "யாருமே சொல்லலையேம்மா" என்றாள். அடுத்து "அவனே சிரிச்சுட்டான்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஏதாவது சொன்னா அடுத்த ஸ்டிக்கர் நான்தான்" என்றாள். இதில் எது உண்மைக் காரணம் என்று அவளுக்கே தெரியவில்லை போல.

மனசு இருக்கிற பிள்ளைகள் ஏன் இப்படி வாயடைத்து நிற்கிறார்கள்? அவளை என்ன செய்யச் சொல்வது? ஸ்கூலில் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். "தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். அதை நானே சொல்லிக்கொள்வேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசிமணி எழுதியது:

நான் பள்ளியில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இப்படிக் கைபேசியை நீட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலையில் பாதி. உங்கள் மகள் சொன்ன மூன்றுமே உண்மைக் காரணங்கள்தான். அவள் எதையும் மழுப்பவில்லை.

"யாருமே சொல்லலை" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, மைக், ஹெட்போன் வழியாக ஒருவரோடு ஒருவர் பேச வைத்தார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவது போலக் குரல் கேட்கும். அது முன்பே பதிவு செய்தது, மாணவர்களுக்குத் தெரியாது. தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்த வலிப்பு முடிவதற்குள்ளேயே உதவி தேடி வெளியே ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அதற்குள் எழுந்தார்கள்.

இந்தக் கணக்கைப் பலரும் சொல்வார்கள். நான் பெற்றோர்களிடம் எப்போதும் சொல்வது அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு விஷயத்தை. எழுந்திருக்காதவர்களைப் போய்ப் பார்த்தபோது அவர்கள் அலட்சியமாக உட்கார்ந்திருக்கவில்லை. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர்களே பதறிக் கேட்டார்கள். சும்மா இருந்தவர்கள் உள்ளுக்குள் தவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் மகளும் அப்படித்தான். இல்லாவிட்டால் உங்களிடம் கொண்டுவந்து காட்டியிருக்க மாட்டாள்.

நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் இது இன்னும் மோசமாகிறது. நேரில் என்றால் பக்கத்தில் இருப்பவன் முகம் சுளிப்பது தெரியும். திரையில் சுளித்த முகம் தெரியாது, சிரித்த எமோஜி மட்டும்தான் தெரியும். பேசாத இருபத்தைந்து பேரும் மற்ற இருபத்து நான்கு பேரின் மௌனத்தைப் பார்த்து, "எல்லோருக்கும் இது சரிதான் போல, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது" என்று முடிவு கட்டுகிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் குடிப் பழக்கத்தைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு 1993-இல் வெளியானது. அதிலும் இதேதான். வளாகத்தில் நடக்கும் குடி தனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு அது சாதாரணம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது, அவனே சிரித்துவிட்டான் என்பது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் அழ முடியாதவன் வேறு என்ன செய்வான்? ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி. இது பிரச்சினையே இல்லை, விளையாட்டுதான் என்று நம்பிக்கொள்ள ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

மூன்றாவதாகச் சொன்ன பயம்தான் ஆழமானது. அதை அற்பமாக நினைக்காதீர்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்பவர் குழுவினரோடு செய்து 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டு உருவங்களும் உங்களுக்குப் பந்தை எறிவதை நிறுத்திவிடும். அவ்வளவுதான் சோதனை. முன்பின் தெரியாதவர்கள், ஒரு வெற்று விளையாட்டு, அதற்கே பெரியவர்கள் மனம் வாடினார்கள். எதிரில் இருப்பது கணினிதான் என்று சொன்ன பிறகும் வலித்தது என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. தினமும் முகம் பார்க்க வேண்டிய நாற்பது பேர் தன்னை ஒதுக்கினால் எப்படி இருக்கும் என்று 14 வயதில் ஒரு பிள்ளை பயப்படுவதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேசாமல் ஒதுங்கும் பிள்ளைகள், பரிந்து பேசும் பிள்ளைகள் என்று இரண்டு வகை கிடையாது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2011-இல் பதின்ம வயதினரிடம் கேட்டது. சமூக வலைத்தளங்களில் யாரையாவது கொடுமையாக நடத்துவதைப் பார்த்தவர்களில் 90 சதவீதம் பேர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதுண்டு என்றார்கள். 80 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டவருக்காகப் பேசியதுண்டு என்றும் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். அன்றைக்கு யார் எதிரில் இருந்தார்கள், கூட யார் இருந்தார்கள், என்ன செய்வதென்று தெரிந்ததா என்பதைப் பொறுத்து மாறுகிறார்கள்.

என்ன செய்யச் சொல்வது என்றால், முதலில் அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு மெசேஜ். குரூப்பில் வேண்டாம். ஸ்டான் டேவிஸ், சாரிஸ் நிக்சன் என்ற இருவர் அமெரிக்காவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு 2010-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானவர்களிடமே, "சக மாணவர்கள் செய்ததில் எது உங்களுக்கு உதவியது" என்று கேட்டார்கள். கூட வந்து இருந்தது, பேசியது, அங்கிருந்து விலகி வர உதவியது, வீட்டுக்குப் போன பிறகு போன் செய்தது, இவைதான் மேலே வந்தன. கேலி செய்தவனை எதிர்த்து நின்றது அந்த அளவுக்கு உதவவில்லை. உங்கள் மகளால் இன்றைக்கே செய்யக்கூடியது இது.

---

பின்வரிசை17 எழுதியது:

எனக்கு 17 வயது. பெரியவர்களுக்குத் தெரியாத சில விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் பார்த்த குரூப் மட்டும் இருக்காது. அந்தப் பையன் இல்லாத இன்னொரு குரூப் கண்டிப்பாக இருக்கும். அங்கே இதைவிட மோசமாக ஓடும். உங்கள் மகள் ஏதாவது சொன்னால் அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அங்கே போடுவார்கள். அவளுக்கு முன்னால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மறுநாள் அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்கும். பயம் அதற்குத்தான்.

இரண்டாவது, பெண் ஒரு பையனுக்காகப் பேசினால் உடனே இரண்டு பேரையும் சேர்த்துக் கதை கட்டுவார்கள். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்?

சிரிப்பு எமோஜி வைக்கிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு அது சிரிப்பாகவே இருக்காது. வைக்காவிட்டால் "என்னடா, உனக்கு மட்டும் சிரிப்பு வரலையா" என்று கேட்பார்கள். அதனால் வைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். இது தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரும் வில்லன்கள் என்று நினைத்தால் உங்களுக்கு யாருமே உதவிக்குக் கிடைக்க மாட்டார்கள்.

எங்கள் குரூப்பில் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. ஸ்டிக்கர் வந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருத்தர் "நாளைக்கு டெஸ்டுக்கு எந்தப் பாடம்?" என்று கேட்பார். அடுத்தவர் பதில் போடுவார், இன்னொருவர் நோட்டை போட்டோ எடுத்துப் போடச் சொல்வார். மளமளவென்று மெசேஜ் வந்து அது மேலே போய்விடும். போட்டவனுக்கு ஒரு சிரிப்புகூடக் கிடைக்காது. சண்டையும் இல்லை, யாரும் மாட்டிக்கொள்வதும் இல்லை. இதற்கு இரண்டு மூன்று பேர் முன்பே பேசி வைத்துக்கொண்டால் போதும். உங்கள் மகளுக்கு ஒரு நெருங்கிய தோழி இருந்தால் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

---

நேர்கோடு எழுதியது:

எனக்கும் இரண்டு பிள்ளைகள். மேலே சொன்னதெல்லாம் படித்தேன், மரியாதையோடு மாறுபடுகிறேன். எல்லோரும் ரகசியமாக ஆறுதல் சொல்லிக்கொண்டும் பேச்சை மாற்றிக்கொண்டும் இருந்தால், அந்த ஐந்து பேருக்கு இது தப்பு என்று யார் சொல்வது? அவமானப்படுத்தியது நாற்பது பேர் முன்னால். ஆதரவு மட்டும் இருட்டில் வர வேண்டுமா? என் பிள்ளை அந்தக் குரூப்பில் இருந்தால், "இது நன்றாக இல்லை, நிறுத்து" என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். அதனால் வருவதை நான் கூட நின்று தாங்கிக்கொள்வேன்.

---

கடைசிமணி எழுதியது:

சார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் உண்மையும் இருக்கிறது. கனடாவில் பள்ளி விளையாட்டு மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2001-இல் வந்தது. துன்புறுத்தல் நடந்தபோது 88 சதவீதம் தடவை சக மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். தலையிட்டது 19 சதவீதம் தடவைதான். ஆனால் அப்படித் தலையிட்டபோது பாதிக்கும் மேல், 57 சதவீதம், பத்தே விநாடிக்குள் அது நின்றுபோனது. ஆகவே ஒரு வார்த்தைக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் மைதானத்தில் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். குரூப்பில் எழுதியது அங்கேயே கிடக்கும், 17 வயதுத் தம்பி சொன்ன மாதிரி வேறு இடத்துக்கும் போகும். அதனால் குரூப்பில் ஒற்றை ஆளாக எழுதச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோடுகளின் நீளம் பார்க்கும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூட்டம் முழுவதும் தப்பான பதில் சொன்னால், கண்ணுக்குத் தெரிந்த சரியான பதிலை விட்டுவிட்டுப் பலரும் கூட்டத்தோடு போனார்கள். ஆனால் ஒரே ஒருவர் கூடச் சேர்ந்து சரியாகச் சொன்னால் போதும், தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. ஒருத்தி எழுதி, அடுத்த நிமிடமே இன்னொருத்தி "ஆமா, போதும்" என்று எழுதினால் அங்கே நடப்பதே வேறு. பேசாமல் இருக்கும் இருபத்தைந்து பேருக்கும் தாங்கள் தனியாக இல்லை என்று முதல் தடவையாகத் தெரியவரும். அதை இரண்டு பேரும் முன்பே பேசிவைத்துச் செய்ய வேண்டும், அவர்களாகவே தயார் என்று சொன்ன பிறகு.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் கேலிக்கு ஆளான பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். பள்ளியில் ஒரு விழாவில் நான் பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டது. அந்த மூன்று விநாடியை வெட்டி எடுத்து வருஷம் முழுக்க ஓட்டினார்கள்.

ஒருநாள் நானே குரூப்பில் "போதும், நிறுத்துங்க" என்று எழுதினேன். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்று பட்டியல் பார்க்கலாம். ராத்திரி முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்தேன். படித்தவர்கள் பெயர் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனது. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பெயரெல்லாம் அதில் வந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. வீடியோவைச் செய்தவன் மேல் இருந்த கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது. அந்தப் பட்டியல் மட்டும் போகவில்லை. பேசாமல் இருந்தவர்களும் உள்ளே தவித்திருப்பார்கள் என்று இங்கே படிக்கும்போது இப்போது கொஞ்சம் இளகுகிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை. தவிப்பை யாராவது சொன்னால்தானே தெரியும்?

இன்னொரு வலியையும் சொல்லிவிடுகிறேன். சிலர் உண்மையான அக்கறையோடுதான், "உன்னைப் பத்தி இங்கயும் போட்டிருக்காங்க பார்" என்று ஒவ்வொரு புதுப் பிரதியையும் எனக்கு அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பாவிட்டால் அதில் பாதியை நான் பார்த்தே இருக்க மாட்டேன். உங்கள் மகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள் அக்கா. அவனுக்கு அந்த ஸ்டிக்கரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

எனக்கு உதவியது, அவ்வளவு பழக்கமில்லாத ஒரு பெண் அனுப்பிய ஒரு மெசேஜ். கேலியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நான் பாடியதில் இரண்டாவது சரணம் அவளுக்குப் பிடித்ததாம், அந்த ராகம் என்ன என்று கேட்டிருந்தாள். மறுநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிதாபம் என்றால் நான் தாங்கியிருக்க மாட்டேன். அவள் என்னை ஒரு பாட்டுக்காரியாகவே வைத்துப் பேசினாள். அந்தப் பையனிடமும் திக்கலைப் பற்றிப் பேச வேண்டாம். அவன் புராஜெக்டைப் பற்றிக் கேட்கட்டும். நேரில் பேசும்போது அவன் சொல்லி முடிக்கும் வரை அவசரப்படாமல் காத்திருக்கட்டும்.

---

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுருதிப்பெட்டி, உங்கள் பதிலை மகளிடம் வாசித்துக் காட்டினேன். அந்தப் பட்டியல் பற்றிய இடத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து, தானும் தோழியும் அந்தப் பையனுக்கு மெசேஜ் போடுவதாகச் சொன்னாள். புராஜெக்டில் அவன் செய்த சர்க்யூட் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவன் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறான். எழுத்தில் அவனுக்குத் திக்காதே!

பின்வரிசை தம்பி, நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம் அப்படியே உண்மை. கேட்டதும் அவள் முகம் சிவந்துவிட்டது. அதற்குத்தான் முக்கியமாகப் பயந்திருக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். அந்த வீடியோவை ஆதாரத்துக்காக எடுத்து வைப்பதா, அழிப்பதா? நான் அவன் அம்மாவிடம் பேசலாமா? ஸ்கூலுக்குப் போனால் மகள் பெயர் வெளியே வராமல் இருக்குமா?

---

கடைசிமணி எழுதியது:

அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது உங்கள் கைபேசியில் இருக்கட்டும், மகளுடையதில் வேண்டாம். வீடியோவை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்குக்கூட. நேரில் காட்டினால் போதும்.

குரூப்பில் வந்த அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பிலேயே புகார் செய்யலாம். புகார் செய்தது யார் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமிலும் அப்படித்தான். பல பிள்ளைகளுக்கு இது தெரியாததால் அந்தப் பொத்தானைத் தொடவே பயப்படுகிறார்கள். போட்டு அதிக நாள் ஆகாததாக இருந்தால், குரூப் அட்மின் நினைத்தால் யார் போட்டதையும் எல்லோருக்குமாகச் சேர்த்து அழித்துவிடலாம். 2022-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அட்மின் யார் என்று பாருங்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் தனியாகக் கேட்டாலே நடக்கும்.

இந்த விஷயத்துக்கு இது தேவையில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரவுவது 18 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையின் ஆடையில்லாத படமாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்கூட எடுக்காதீர்கள், சேமிக்காதீர்கள். உடனே நம்பகமான பெரியவரிடம் சொல்ல வேண்டும். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் பதிவேற்றாமலே, அதிலிருந்து எடுத்த ஓர் எண் அடையாளத்தை மட்டும் வைத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவும்.

ஸ்கூலுக்குப் போவதென்றால் மகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவளுக்குத் தெரியாமல் போனால் அடுத்த தடவை அவள் உங்களிடம் எதையும் காட்ட மாட்டாள். அந்த வீடியோ நாற்பது கைபேசியில் இருக்கிறது, அதனால் யார் வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தில் உங்கள் பெயரோ எண்ணோ தெரியாமல் வெட்டிவிடுங்கள். வகுப்பாசிரியரிடம், "எந்தப் பிள்ளை சொன்னது என்று வகுப்பில் கேட்காதீர்கள்" என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல பேர் முதல் வேலையாக அதைத்தான் கேட்பார்கள்.

அவன் அம்மாவிடம் போவதற்கு முன்னால், அவனுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் மகளை விட்டுக் கேளுங்கள். வீட்டில் தெரியக் கூடாது என்று அவன் நினைக்கலாம். அதற்காகக் கடைசி வரை மறைக்க வேண்டும் என்று இல்லை. சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கு வருவது இவற்றில் மாற்றம் தெரிந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்பது போல ஏதாவது சொன்னாலோ, அப்போது யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பேசிவிடுங்கள்.

---

மாடிப்படி எழுதியது:

அட்மின் இரண்டு பேர். ஒருத்தி மகளோடு கூடைப்பந்து ஆடுகிறவள், சிரிப்பு எமோஜி வைத்த பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. நாளைக்குப் பயிற்சி முடிந்து வரும்போது இவளும் தோழியும் அவளிடம் பேசப் போகிறார்கள். வகுப்பாசிரியரை வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று மகளே சொல்லிவிட்டாள். தானும் வருகிறேன் என்கிறாள், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.